மாமா கொடுத்த நூறு ரூபாய் யாருடையது?

போன தடவை குழந்தைகளின் தூக்கத்தைப் பற்றிப் பேசினோம். அதற்கு வந்த கடிதங்களில் பாதி வேறொரு விஷயத்தைக் கேட்டிருந்தன. "பையனுக்குக் காசோட அருமையே தெரியலை, என்ன செய்யறது?" என்று. சரி, இன்றைக்கு அதையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு கேள்வி, சகோதரிகளே. ஊரிலிருந்து வந்த மாமா, கிளம்பும்போது குழந்தையின் கையில் ஒரு நூறு ரூபாயைத் திணிக்கிறார். "எதுக்கண்ணா இதெல்லாம்" என்று நாமும் ஒப்புக்குச் சொல்கிறோம். அவர் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், "குடு கண்ணா, அம்மா பத்திரமா வெச்சிருக்கேன்" என்று வாங்கிக்கொள்கிறோம். அப்புறம் அந்த நூறு எங்கே போகிறது? சாயங்காலமே காய்கறிக்காரரிடம் போய்விடுகிறது. ஒரு வாரம் கழித்துக் குழந்தை கேட்டால், "உனக்குத்தானேடா எல்லாம் செய்யறோம்!" என்று ஓர் அதட்டல்.

இதில் குழந்தை சேமிப்பைக் கற்றுக்கொள்கிறது என்றா நினைக்கிறீர்கள்? கைக்கு வந்த காசை அம்மா கண்ணில் காட்டக் கூடாது என்பதைத்தான் கற்றுக்கொள்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், கொலுவுக்குப் போன இடத்தில் கிடைத்த 50 ரூபாயை ஏழு வயதுப் பெண் பென்சில் டப்பாவின் அடியில் மடித்து வைத்திருந்தாள். தாய் அதைக் கண்டுபிடித்து, "இந்த வயசிலேயே திருட்டுப் புத்தியா?" என்று முதுகில் நாலு வைத்துவிட்டாள். எனக்குக் கேட்கவே மனசு ஆறவில்லை. தனக்குக் கொடுத்த பணத்தைத் தானே ஒளித்துவைத்தவளைத் திருடி என்பதா? ஏன் ஒளித்தாள் என்றல்லவா பார்க்க வேண்டும்?

குழந்தைக்கென்று ஒரு சின்ன நோட்டுப் போடுங்கள். தேதி, யார் கொடுத்தது, எவ்வளவு. அவ்வளவுதான். மாசக் கடைசியில் வீட்டுக்கு அவசரம் என்றால் அந்தப் பணத்தைத் தொடக் கூடாதா? தாராளமாகத் தொடலாம். ஆனால் கேட்டுத் தொடுங்கள். "ஒன்றாம் தேதி குடுத்துடறேன்" என்று கைமாற்றாக வாங்குங்கள். சொன்ன தேதியில் கொடுங்கள். என் மகன் சின்னவனாக இருந்தபோது அவனிடம் இப்படி எத்தனையோ தடவை கைமாற்று வாங்கியிருக்கிறேன். திருப்பிக் கொடுக்கும்போது அவன் எண்ணிப் பார்க்கிற அழகே தனி! எண்ணட்டுமே, அம்மாவை நம்பவில்லை என்றா அர்த்தம்?

அடுத்தது, பல தாய்மார்கள் பதில் சொல்லத் தெரியாமல் தவிக்கிற கேள்வி: "அம்மா, நாம ஏழையா?" பக்கத்து வீட்டில் புது சைக்கிள் வந்த அன்று இது கட்டாயம் வரும். "வாயை மூடு" என்பவர்கள் உண்டு. "உங்கப்பா சம்பாத்தியம் அவ்வளவுதான்" என்று குழந்தையிடமே புருஷனைக் குறை சொல்பவர்களும் உண்டு. இரண்டாவதுதான் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. இல்லாத பணத்துக்கு ஒரு குற்றவாளியைக் காட்டினால், பிள்ளை வளர்ந்தபிறகும் அப்பாவை அந்தக் கண்ணோடுதான் பார்ப்பான்.

எட்டு வயதுக் குழந்தைக்குக் கணக்குப் புரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் 25,000 என்று வையுங்கள். வாடகை 8,000, மளிகை 6,000, பால் 1,800, பள்ளிக்கூடம், காஸ், பஸ், பாட்டியின் மருந்து என்று அவனையே கழிக்கச் சொல்லுங்கள். மிஞ்சுவது அவன் கண்ணுக்கே தெரியும். "இதுல மாசம் 400 எடுத்து வெச்சா சைக்கிள் எப்ப வரும்?" என்று கேளுங்கள். விரலை மடக்க ஆரம்பித்துவிடுவான். ஆனால் ஒன்று, கடன்காரர் வாசலில் வந்து நின்றது போன்ற பயங்களைக் குழந்தை தலையில் இறக்காதீர்கள். அது பெரியவர்கள் சுமக்க வேண்டியது.

இந்தக் காலத்தில் இன்னொரு சங்கடம். கடையில் போனைக் காட்டினால் 'டிங்' என்று ஒரு சத்தம், சாமான் கைக்கு வந்துவிடுகிறது. பர்ஸ் மெலிவதைக் குழந்தை பார்ப்பதே இல்லை. போனுக்குள் பணம் ஊறிக்கொண்டே இருப்பதாக நினைத்தால் அது தப்பா? வாரத்துக்கு ஒரு நாளாவது ரொக்கமாக 200 ரூபாய் கொடுத்து, கீரையும் வாழைக்காயும் அவளையே வாங்கச் சொல்லுங்கள். மீதிச் சில்லறையை அவளே எண்ணி வாங்கட்டும். குழந்தை எதிரில் ரகசிய எண்ணைத் தட்டாதீர்கள். போன் விளையாட்டுகளில் காசு கேட்டு ஆசை காட்டுகிறவை ஏராளம்.

தயிர் வாங்கிவர ஐந்து ரூபாய், மார்க் வாங்கினால் நூறு என்று கூலி பேசுவதில் எனக்குச் சம்மதமில்லை. நாளைக்குத் தண்ணீர் கேட்டால்கூட விலை சொல்லும்.

எழுபதுகளில் பள்ளிக்கூடத்திலேயே சஞ்சாயிகா இருந்தது. நாலணா எட்டணாவாகக் கட்டினோம். இன்று தபாலாபீஸில் 500 ரூபாயில் சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம். பத்து வயது நிறைந்த குழந்தை தன் பெயரிலேயே தொடங்கி நடத்தலாம். பாங்குகளிலும் பத்து வயதுக்கு மேல் தாங்களே கணக்கு நடத்த அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் பாங்க் 2025 ஏப்ரலில் தெளிவாக்கியிருக்கிறது. எவ்வளவு தொகை வரை என்பதை அந்தந்த பாங்க் முடிவு செய்யும். அதற்குக் கீழே என்றால் காப்பாளராகத் தாயே கையெழுத்துப் போடலாம், அப்பாதான் வர வேண்டும் என்பதில்லை. பத்து வயது ஆகாத பெண் குழந்தைக்குச் செல்வமகள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. வருஷத்துக்குக் குறைந்தது 250 ரூபாய் கட்டினால் போதும். அது நீண்டகாலப் பணம், சைக்கிளுக்கு ஆகாது.

கணக்குத் தொடங்கப் போகும்போது குழந்தையைக் கூட்டிக்கொண்டு போங்கள். பணம் கட்டுகிற சீட்டை அவளே நிரப்பட்டும். நேரமாகிறதே என்று பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.