ரோஸியின் பெயரைச் சொல்வோம்

மலேசியாவில், ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பேராக்காரர்களுக்கு, கேரளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ கதை அந்நியமாகத் தோன்றாது. வசதியான வீட்டுப் பையன் ஒருவனை இலங்கைக்குக் கடத்திப் போய்த் தோட்டத்தில் கூலியாக்கிவிடுகிறார்கள். பேசாப் படம். எடுத்தவர் ஜே.சி. டேனியல், கன்னியாகுமரிப் பக்கத்து அகஸ்தீஸ்வரத்துக்காரர். நிலத்தை விற்றுப் படம் எடுத்தார், கதாநாயகனும் அவரே.

கதாநாயகி பி.கே. ரோஸி. 1903இல் திருவனந்தபுரத்தில், புலையர் குடும்பத்தில் பிறந்தவர். புல் அறுத்து வயிறு கழுவிய பெண். தமிழும் மலையாளமும் கலந்து ஆடும் காக்காரிசி நாடகத்தில் நடித்துப் பழகியவர். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிய காலத்தில் மேடையேறத் துணிந்தவர். படத்தில் அவருக்கு நாயர் வீட்டுப் பெண் சரோஜினி வேடம்.

திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் முதல் காட்சி. ரோஸி உள்ளே இருந்தால் வரமாட்டோம் என்றார்கள் பெரிய மனிதர்கள். தான் நடித்த படத்தைப் பார்க்க அவருக்கு இடமில்லை. திரையில் கதாநாயகன் அவர் கூந்தல் பூவை எடுத்து முத்தமிட்டதும் கூட்டம் கொதித்தது. கல்லெறிந்தார்கள், திரை கிழிந்தது. தாழ்த்தப்பட்ட பெண் நாயர் பெண்ணாக நடித்ததே குற்றம். பிறகு அவர் குடிசைக்கும் தீ வைத்தார்கள். ஒரு லாரியில் ஏறித் தப்பிய ரோஸி நாகர்கோவில் போய்ச் சேர்ந்தார். அந்த லாரிக்காரரையே மணந்து, ராஜம்மாளாக, நடித்த கதையை வெளியில் சொல்லாமல் வாழ்ந்து முடித்தார். படச்சுருளும் மிஞ்சவில்லை.

டேனியலும் நொடித்துப்போனார். 1975இல் அவர் இறந்தபின், 1992இல் கேரள அரசு அவர் பெயரில் விருது ஏற்படுத்தியது. 2013இல் வந்த ‘செல்லுலாய்ட்’ படம் இருவர் கதையையும் ஊரறியச் செய்தது. 2023இல் ரோஸியின் 120ஆம் பிறந்தநாளுக்குக் கூகுள் தன் முகப்பில் அவர் படத்தைப் போட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் உயிரோடு இருந்தபோது அந்த அம்மாளைத் தேடிப் போய், “நீங்கள்தானே நடித்தீர்கள்?” என்று கேட்க ஆளில்லாமல் போனதே என்ற ஆற்றாமை எனக்குத் தீரவில்லை.

அதனால்தான் இதை ஈப்போவிலிருந்து எழுதுகிறேன். நம் தோட்டங்களிலும் கலைக்குக் குறைவில்லை. விடியுமுன் மரம் சீவி, பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு வந்த பெண்கள் திருவிழாவில் கும்மியடித்தார்கள். லயத்தில் சாவு விழுந்தால் அவர்கள் பாடிய ஒப்பாரியில் கல்லும் கரையும். ஆனால் மேடை நாடகம் என்றால் பெரும்பாலும் ஆண்கள்தான் சேலை கட்டினார்கள். திருவிழா நோட்டீசில் கிராணி பெயரும் கங்காணி பெயரும் இருக்கும். கும்மிப் பாட்டெடுத்தவள் பெயர் இருக்காது. ரோஸியைக் கல்லெறிந்து விரட்டினார்கள். நம் பெண்களை எழுதாமலே விட்டுவிட்டோம். விளைவு ஒன்றுதான்.

தோட்டங்கள் செம்பனையாகவும் குடியிருப்புத் தாமானாகவும் மாறிவிட்டன. அங்கே பாடியவர்களில் சிலர் இன்னும் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். இந்த வாரக் கடைசியில் உங்கள் வீட்டுப் பாட்டியிடம் உட்காருங்கள். எந்தத் தோட்டம், என்ன பாட்டு, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். மறக்காமல் அவர் முழுப் பெயரையும் எழுதி வையுங்கள்.