சிறகு செய்யும் ஊரில் கதவுக்குப் பலம் வேண்டாமா?

2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் விபத்தில் மாண்டனர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே வெளியிட்ட கணக்கு இது. நாள் ஒன்றுக்கு 460 பேருக்கு மேல் என்று ஆகிறது. ஒரு பெரிய விமானம் தினமும் விழுந்து நொறுங்கினால் நாடே அலறும். சாலையில் சாகிறவர்கள் ஆங்காங்கே தனித்தனியாகச் சாவதால் நாம் பழகிப்போய்விட்டோம்.

விபத்து என்றதும் நேருக்கு நேர் மோதல்தான் நினைவுக்கு வரும். நான்கு சாலைச் சந்திப்பில் குறுக்கே வந்து இடிக்கும் வண்டியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நீலசந்திரா, ஆனேபாளையா, ஆஸ்டின் டவுன் வாசிகளுக்கு இந்த அபாயத்தை விளக்கத் தேவையில்லை. குறுகிய தெரு திடீரென்று அகன்ற சாலையில் போய் முட்டும் இடங்கள் இங்கே பல. ஆட்டோவும் டாக்சியும் ஓட்டிப் பிழைக்கும் தமிழ்க் குடும்பங்களும் இங்கே பல. ஆகவே, பக்கவாட்டு மோதலிலிருந்து உயிரைக் காப்பது எப்படி என்ற கேள்வி பணக்காரர்களின் கார்களைப் பற்றியது மட்டுமன்று.

முன்னால் முழம், பக்கத்தில் சாண்

காரின் முன்புறத்தில் பம்பர், ரேடியேட்டர், எஞ்சின் எல்லாம் கடந்துதான் மோதலின் வேகம் ஆளை எட்ட வேண்டும். அந்த இடைவெளி நசுங்கும்போது வேகத்தின் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. பக்கவாட்டில் அந்த வசதி இல்லை. ஓட்டுநரின் தோளுக்கும் வெளியே உள்ள தகட்டுக்கும் நடுவே இருப்பது ஏறத்தாழ ஒரு சாண் இடம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி வினாடிக்கு 14 மீட்டர் கடக்கிறது. கண் இமைப்பதற்குள் கதவு விலா எலும்பைத் தொட்டுவிடும்.

இன்னொரு கணக்கையும் மனத்தில் கொள்ள வேண்டும். 35 கி.மீ. வேகத்தில் வரும் வண்டியைக் காட்டிலும் 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டியின் மோதல் சக்தி இரண்டு மடங்கு. வேகம் சற்றே கூடினாலும் சேதம் வெகுவாகக் கூடுகிறது.

இதனால்தான் மேல்நாடுகள் கதவின் உள்ளே எஃகுச் சட்டம் பொருத்தும்படி கட்டாயப்படுத்தின. அமெரிக்காவில் கதவின் பலத்துக்கான விதி 1973லேயே வந்துவிட்டது. சுவீடனின் வால்வோ நிறுவனம் 1991ல் பக்கவாட்டுப் பாதுகாப்பைத் தனி அமைப்பாகவே வகுத்து, அடுத்த சில ஆண்டுகளில் பக்கவாட்டுக் காற்றுப்பையையும் கொண்டுவந்தது.

இந்தியாவில் நடந்தது என்ன?

நம் நாட்டில் இந்தச் சோதனை கட்டாயமாக 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் புதிய மாடல் கார்களுக்கும், 2019 அக்டோபரில் எல்லா மாடல்களுக்கும் ஏ.ஐ.எஸ். 099 என்ற விதி அமலாயிற்று. 950 கிலோ எடையுள்ள தடுப்பு வண்டி ஒன்றை மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் காரின் பக்கத்தில் மோதவிட்டு, உள்ளே அமர்த்திய பொம்மைக்கு ஏற்படும் அடியை அளப்பது இதன் முறை.

2022 செப்டம்பர் 4ஆம் தேதி, தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே கார் விபத்தில் இறந்தார். பின் இருக்கையில் இருந்த அவர் பெல்ட் அணிந்திருக்கவில்லை. அதன் பிறகு நாடெங்கும் கார் பாதுகாப்பு பற்றிப் பேச்சு எழுந்தது. அதற்கு முன்பே மத்திய அரசு ஒரு யோசனையை வைத்திருந்தது. முன்னால் இரண்டு, பக்கங்களில் இரண்டு, ஜன்னலை மறைக்கும் திரைபோல் இரண்டு என்று ஆறு காற்றுப்பைகளைக் கட்டாயமாக்குவதே அது. 2022 அக்டோபரில் தொடங்க வேண்டிய அந்த விதி ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது. 2023ல், கட்டாயம் இல்லை என்று அமைச்சர் நிதின் கட்காரி அறிவித்துவிட்டார்.

அதற்குப் பதிலாக வந்தது ‘பாரத் என்கேப்’ எனப்படும் நட்சத்திர மதிப்பீடு. 2023 அக்டோபர் முதல் தேதி இது நடைமுறைக்கு வந்தது. தடுப்பு வண்டி மோதலோடு, கம்பத்தில் கார் பக்கவாட்டாக மோதும் சோதனையும் மணிக்கு 29 கி.மீ. வேகத்தில் இதில் உண்டு. மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் பெற வேண்டுமானால் கம்பச் சோதனையில் தேற வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் விருப்பமுள்ள நிறுவனம் மட்டுமே தன் காரைச் சோதனைக்கு அனுப்பும்.

எடை குறைந்தும் பலம் கூடுமா?

கதவைப் பலப்படுத்த எஃகைக் கூட்டினால் வண்டி கனக்கிறது. பெட்ரோல் செலவு கூடுகிறது. மின்சார வண்டியானால் சிக்கல் இன்னும் பெரிது. தரைக்கு அடியில் பேட்டரி கனத்துக் கிடக்கிறது. பக்கவாட்டு மோதலில் ஆளோடு பேட்டரியையும் காக்க வேண்டும். இங்கேதான் இலேசான கூட்டுப்பொருள்கள் வருகின்றன.

கண்ணாடி இழையையோ கார்பன் இழையையோ பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக ஒட்டி, சூடேற்றி இறுகச் செய்தால் கூட்டுப்பொருள் கிடைக்கிறது. எஃகு தண்ணீரைப் போல் 7.8 மடங்கு கனம்; அலுமினியம் 2.7 மடங்கு; கார்பன் இழைக் கூட்டுப்பொருளோ சுமார் 1.6 மடங்குதான். மோதும்போது எஃகு மடிந்து சக்தியை உறிஞ்சுகிறது. தக்கபடி வடிவமைத்த கூட்டுப்பொருள் குழாய் நுனியிலிருந்து படிப்படியாகப் பொடிந்து நொறுங்குகிறது. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் அது எஃகைவிடப் பல மடங்கு சக்தியை விழுங்கும்.

பந்தயக் கார்களில் இது 1981லேயே மெய்ப்பிக்கப்பட்டது. மெக்லாரன் குழுவின் கார்பன் இழைக் கார் அவ்வாண்டு இத்தாலியின் மோன்சா பந்தயத்தில் பலமாக மோதி உடைந்தும், ஓட்டுநர் ஜான் வாட்சன் தானே இறங்கி நடந்தார். 2013ல் பி.எம்.டபிள்யூ. தன் ஐ3 மின்சாரக் காரின் பயணிகள் கூண்டு முழுவதையும் கார்பன் இழையில் செய்து விற்றது. 2022ல் அந்தக் காரின் உற்பத்தி நின்றது.

நம் ஊரிலேயே இருக்கும் வித்தை

இந்த வித்தைக்காக நாம் ஜெர்மனிக்குப் போக வேண்டியதில்லை. நீலசந்திராவிலிருந்து சில கி.மீ. தொலைவில், பழைய விமான நிலையச் சாலையில் இருக்கிறது தேசிய விண்வெளி ஆய்வுக்கூடம். முழுக்க முழுக்கக் கூட்டுப்பொருளால் ஆன ‘ஹன்சா’ பயிற்சி விமானம் இங்கே உருவாகி 1993ல் பறந்தது. 2001 ஜனவரி 4ஆம் தேதி பெங்களூர் வானில் முதன்முதலாக எழும்பிய தேஜாஸ் போர் விமானத்தின் எடையில் ஏறத்தாழ 45 சதவிகிதம் கூட்டுப்பொருளே. ஏவுகணைக்கென வளர்ந்த இதே நுட்பத்தைக் கொண்டுதான், போலியோவால் கால் பாதித்த குழந்தைகளின் உலோகத் தாங்கியைப் பத்தில் ஒரு பங்கு எடைக்கு அப்துல் கலாமும் சகாக்களும் குறைத்துக் காட்டினார்கள்.

வானத்துக்கு எட்டிய வித்தை தெருவுக்கு ஏன் எட்டவில்லை? முதல் காரணம் விலை. எஃகு கிலோ நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. கார்பன் இழை ஆயிரத்தைத் தாண்டுகிறது. இரண்டாவது நேரம். அச்சு இயந்திரத்தில் எஃகுக் கதவு வினாடிகளில் வார்ப்பாகிவிடும். விமானத் தரத்துக் கூட்டுப்பொருள் சூட்டறையில் மணிக்கணக்கில் வேக வேண்டும். மூன்றாவது, பழுது பார்ப்பது. எஃகு நசுங்கினால் கண்ணுக்குத் தெரியும். கூட்டுப்பொருளின் மேல்தோல் பளபளவென்று இருக்க, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். பானை வாங்குகிறவர் தட்டிப் பார்ப்பதுபோலத் தட்டி ஒலி கேட்கவோ, கருவி வைத்துப் பார்க்கவோ தெரிந்தவர் வேண்டும்.

ரேவா கற்பித்த பாடம்

இலேசாக இருந்தால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது என்பதற்கும் பெங்களூரே சாட்சி. 2001ல் இங்கிருந்து வெளிவந்த ரேவா மின்சாரக் கார், குழாய் எஃகுச் சட்டத்தின் மேல் பிளாஸ்டிக் பலகைகளைப் போர்த்திய சிறு வண்டி. லண்டன் வரை போய் ஓடி ஊருக்குப் பெருமை தேடித் தந்தது. ஐரோப்பியச் சட்டம் அதை நாற்சக்கரச் சிறு வண்டி என்று வகைப்படுத்தியதால், கார்களுக்குரிய மோதல் சோதனை அதற்குக் கட்டாயமில்லை. 2007ல் ஒரு பிரிட்டிஷ் மோட்டார் பத்திரிகை தானே மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தபோது, முன்பகுதி நசுங்கி ஓட்டுநர் இடமும் சிதைந்தது. வெறும் பிளாஸ்டிக் போர்வை வேறு, பாரம் தாங்கும் இழைக் கூட்டுப்பொருள் வேறு என்பதை அந்தச் சோதனை உணர்த்திற்று.

ஆட்டோவுக்கு மாற்றாகப் பேசப்பட்ட பஜாஜ் கியூட் என்ற சிறு நாற்சக்கர வண்டியும், 2016ல் ஐரோப்பிய மதிப்பீட்டில் ஐந்துக்கு ஒரு நட்சத்திரமே பெற்றது. ஆட்டோவின் நிலை அதைவிட மோசம். பக்கத்தில் கதவே கிடையாது. பக்கவாட்டு மோதல் சோதனையும் அதற்கு இல்லை. காரில் போகிறவருக்கு எஃகுச் சட்டம்; ஆட்டோவில் போகும் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு கம்பியும் கித்தானும்! இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

செய்ய வேண்டியவை

கார்பன் இழை எட்டாவிட்டால் கண்ணாடி இழை இருக்கிறது; விலை குறைவு. எஃகுச் சட்டத்தோடு அதைச் சேர்த்துக் கலப்பாகச் செய்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடு செய்யும். ஆட்டோவின் அடிப்பக்க விளிம்புக்கும் பக்கத் தடுப்புக்கும் மலிவான ஓர் அமைப்பை வகுக்கும் பொறுப்பை விண்வெளி ஆய்வுக்கூடத்திடம் ஒப்படைக்கலாம். சோதித்துப் பார்க்கப் புனேயிலும், சென்னைக்கு அருகே ஓரகடத்திலும் கூடங்கள் உள்ளன. காரின் பக்கவாட்டு மதிப்பெண்ணை விற்பனைக் கூடத்தில் விலையோடு எழுதி வைக்கவும் அரசு கட்டாயப்படுத்த வேண்டும்.

பட்டறைத் தொழிலாளருக்குப் பயிற்சியும் அவசரத் தேவை. இன்றைய கார்களின் நடுத்தூணிலும் கதவுச் சட்டத்திலும் உள்ள மிகு பலம் வாய்ந்த எஃகைச் சூடு காட்டி நிமிர்த்தினால் அதன் பலம் போய்விடும். டிங்கரிங் செய்து பெயிண்ட் அடித்தபின் வண்டி புதிதுபோல் மின்னும். அடுத்த மோதலில் காக்காது. நாளை கூட்டுப்பொருள் வந்தால் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும். தொழிற்பயிற்சி நிலையங்களில் இதற்கென ஒரு பாடம் இப்போதே தொடங்கினால், நம் பிள்ளைகளுக்குப் பிழைப்பும் உண்டு, ஊருக்குப் பாதுகாப்பும் உண்டு.

வண்டி வைத்திருப்போர் இன்றே செய்யக்கூடியதும் உண்டு. பின் இருக்கையிலும் பெல்ட் அணியுங்கள். இருக்கையின் பக்கத்திலிருந்து விரியும் காற்றுப்பை உள்ள காரில் தடித்த உறை மாட்டிவிட்டால் பை விரிவது தடைப்படும். அதற்கேற்ற உறையைக் கேட்டு வாங்குங்கள். சந்திப்பில் பச்சை விளக்கு விழுந்தாலும் இருபுறமும் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

சாலையில் சாகிறவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டிக்காரர்கள். அவர்களுக்குக் கதவும் இல்லை, சட்டமும் இல்லை. எனவே எந்தப் பொருள் வந்தாலும், சந்திப்புகளில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது முதல் கடமையாகவே இருக்கும். ஆனால் வேகத் தடையைக் காட்டி, வண்டியின் பலத்தைத் தட்டிக் கழிக்க முடியாது. போர் விமானத்துக்குச் சிறகு செய்து தந்த ஊர், தன் தெருக்களில் ஓடும் ஆட்டோவுக்கு ஒரு பக்கத் தடுப்பைச் செய்து தரக் கூடாதா? அறிவும் ஆளும் இங்கே இருக்கின்றன. அரசு மனம் வைப்பதுதான் பாக்கி.