மடித்த தகடு பாரம் தாங்குமா?

பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளை எடுத்து நட்டமாக நிறுத்திப் பாருங்கள். நிற்காது, துவண்டு விழும். அதே தாளை விசிறி போல் மடித்து நிறுத்துங்கள். நிற்கும்! மேலே ஒரு சிறு புத்தகத்தைக்கூட வைக்கலாம். தாள் அதே தாள்தான். மடிப்பு மட்டுமே புதிது.

இந்த விளையாட்டில் உள்ள உண்மையை வைத்து, இன்று ஆறுகளுக்குக் குறுக்கே பெரிய பாலங்கள் எழும்புகின்றன. பிரான்சில் தொடங்கிய முறை ஜப்பானிலும் சீனாவிலும் பரவியிருக்கிறது. இது எவ்வளவு நம்பத் தகுந்தது?

நடுத்தகட்டின் வேலை

ரெயில் பாலத்தின் அடியில் இரும்புக் கர்டர்களைப் பார்த்திருப்பீர்கள். மேலே ஒரு பட்டை. கீழே ஒரு பட்டை. இரண்டையும் சேர்த்து நடுவில் சுவர் போல் ஒரு தகடு. வண்டி ஏறியதும் கர்டர் வளையப் பார்க்கும். அதை மேல், கீழ்ப் பட்டைகள் தடுக்கின்றன.

நடுத்தகட்டுக்கு வேறு வேலை. பாரம் அதைக் கீழே அழுத்துகிறது. தூண் மேலே தள்ளுகிறது. கத்தரிக்கோலின் இரண்டு அலகுகளுக்கு நடுவே அகப்பட்டது போன்ற நிலை. இதற்கு 'வெட்டு விசை' என்று பெயர். தகடு மெல்லியதாக இருந்தால், மூலைக்கு மூலை சுருக்கம் விழுந்து துவண்டுவிடும். தடுப்பதற்காக இரும்புப் பட்டைகளை வெல்டிங் செய்து முட்டுக் கொடுப்பார்கள். அதனால் செலவு கூடும். நாளடைவில் விரிசல் காண்பதும் பெரும்பாலும் வெல்டிங் செய்த இடங்களில்தான்.

1970 தந்த பாடம்

தகடு துவண்டால் என்ன ஆகும் என்பதை 1970-ம் ஆண்டு உலகம் கண்டது. ஜூன் 2-ந் தேதி, வேல்ஸ் நாட்டின் மில்போர்டு ஹேவனில் கட்டி வந்த பாலத்தில், தூணுக்கு மேலே இருந்த தகடு நசுங்கியது. பாலம் விழுந்து 4 பேர் இறந்தனர். அக்டோபர் 15-ந் தேதி, ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் வெஸ்ட் கேட் பாலம். தகட்டில் புடைப்புக் கண்டது. அதைச் சரி செய்ய போல்ட்டுகளைக் கழற்றினார்கள். சுமார் 2,000 டன் எடையுள்ள பகுதி சரிந்து, 35 தொழிலாளர்கள் மாண்டனர். இவை மடிப்புத் தகடுகள் அல்ல, தட்டையான தகடுகள். ஆனால் பாடம் எல்லாத் தகடுகளுக்கும் பொதுவானது.

மடிப்பின் ஆதாயம்

1986-ல் பிரான்சின் கோன்யாக் நகரில், சாராந்த் ஆற்றின் மேல் புது மாதிரிப் பாலம் ஒன்று முடிந்தது. மேலும் கீழும் கான்கிரீட். பக்கச் சுவர்கள் மடித்த இரும்புத் தகடு. கான்கிரீட் சுவர் இல்லாததால் பாலத்தின் எடை குறைந்தது. மடிப்பே முட்டாக நின்றதால், தனியே முட்டுப் பட்டைகள் தேவைப்படவில்லை.

இன்னொரு ஆதாயமும் உண்டு. கான்கிரீட்டுக்கு உறுதி தர, எஃகுக் கம்பிகளை முறுக்கேற்றி இழுத்து அதை நெருக்குவார்கள். தட்டையான சுவர் அந்த நெருக்கத்தில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும். மடித்த தகடோ ஆர்மோனியத்தின் துருத்தி போல் இணங்கிக் கொடுக்கும். நெருக்கம் அனேகமாக முழுவதும் கான்கிரீட்டுக்கே போய்ச் சேரும்.

1993-ல் ஜப்பானின் நீகாதா பகுதியில் இப்படி ஒரு பாலம் வந்தது. 2005-ல் அதே நாட்டில், யஹாகி ஆற்றின் மேல் கம்பிகளால் தாங்கப்படும் பெரும் பாலமே இம்முறையில் அமைந்தது.

ஆபத்து எங்கே?

மடித்துவிட்டால் மட்டும் போதாது. மடிப்புக்கு மடிப்பு இடைவெளி அகலமானால், அந்தத் தட்டைப் பகுதி தனியே துவளும். மடிப்பு ஆழம் குறைந்தால், பல மடிப்புகளும் சேர்ந்து துவளும். இரண்டும் கலந்தும் வரலாம். தட்டையான தகடு சுருங்கிய பிறகும், முட்டுப் பட்டைகளின் உதவியால் ஓரளவு பாரம் தாங்கும். மடித்த தகடு அப்படியல்ல. துவண்டதும் அதன் வலிமை சட்டென்று இறங்கிவிடும்.

ஆகவேதான் ஐரோப்பிய விதிகள் இரு வகைத் துவளலுக்கும் தனித்தனியே கணக்குப் போடச் சொல்கின்றன. இரண்டில் எது குறைவோ, அதையே வலிமையாகக் கொள்ள வேண்டும். துருவும் ஒரு பகை. 20 மில்லிமீட்டர் தகட்டில் 1 மில்லிமீட்டர் அரித்தால் இருபதில் ஒரு பங்குதான் போகும். 10 மில்லிமீட்டர் தகட்டிலோ பத்தில் ஒரு பங்கு போய்விடும்!

மெல்லிய தகடு மோசமானதல்ல. இரும்பும் பணமும் மிச்சமாகும். மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதி வர்ணத்துக்கும் சோதனைக்கும் போக வேண்டும். பாலத்தைக் கடந்து போகும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை. கட்டுகிறவரும் காக்கிறவரும் அதை மறக்காமல் இருந்தால் போதும்.