குறையும் குறியும்

மக்கள் மனத்தில் இடம்பெற்ற சாகச நாயகனை மீண்டும் திரைக்குக் கொண்டுவருவது இன்று உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. 2002ஆம் ஆண்டு வெளிவந்த ஸ்பைடர் மேன் கதை, 2012இல் வேறொரு நடிகரைக் கொண்டு தொடக்கத்திலிருந்தே சொல்லப்பட்டது. தமிழில், 2010இல் ‘எந்திரன்’ படத்தில் தோன்றிய சிட்டி என்னும் எந்திர மனிதன், 2018இல் ‘2.0’ படத்தில் மறுபடியும் வந்தான். இத்தகைய படங்கள்மீது பெரும்பாலும் எழும் குற்றச்சாட்டு, “பிரம்மாண்டம் உண்டு, உயிர் இல்லை” என்பதாகும். இது முறையானதுதானா?

முறையன்று என்போர் இரண்டு காரணங்களைக் கூறுவர். சாகசப் படம் கண்ணுக்கு விருந்தானால் போதும் என்பது ஒன்று. பலருடைய நெடுநாள் உழைப்பை ஒற்றைச் சொல்லால் தள்ளிவிடுதல் தகாது என்பது மற்றொன்று.

முதற்காரணத்திற்கு ‘எந்திரன்’ படமே விடையளிக்கிறது. தீ விபத்தில் சிக்கிய ஒரு பெண்ணைச் சிட்டி மீட்கிறான். ஆனால், அவளது நாணத்தை அவனால் உணர இயலவில்லை. அதனால் அவள் உயிர் பறிபோகிறது. ஆற்றல் மட்டும் போதாது என்பதை அக்காட்சி உணர்த்துகிறது. இறுதியில் அவன் தன்னைத் தானே பிரித்துக்கொள்ளும்போது நம் மனம் கனக்கிறது. கண்ணுக்கு விருந்தளித்த அதே படம் நெஞ்சையும் தொட்டது.

இரண்டாம் காரணம் சிந்திக்கத்தக்கது. திருப்பூரின் பின்னலாடை நிறுவனங்களில் தைத்து முடித்த ஆடைகள் செக்கிங் பகுதிக்கு வருகின்றன. அங்குப் பணிபுரிவோர், ‘ஆடை சரியில்லை’ என்று பொதுவாகச் சொல்லி ஒதுக்குவதில்லை. தையல் விட்ட இடமோ, எண்ணெய்க் கறையோ, ஊசித் துளையோ, அந்த இடத்திலேயே குறியிட்டுக் காட்டுகின்றனர். அக்குறி தைத்தவரை இழிவுபடுத்துவதில்லை, திருத்தத்திற்கு வழிகாட்டுகிறது.

அவ்வாறே ‘2.0’ படத்தையும் நோக்கலாம். பறவைகளுக்காகவே வாழ்ந்த முதியவர் பட்சிராஜனின் துயரம் நம்மை உருக்குகிறது. எனவே, படம் முழுவதும் உயிரற்றது என்பது நேர்மையான கூற்றாகாது. ஆயினும், முதற்படத்தில் மனப்போராட்டம் கொண்டிருந்த சிட்டி, இப்படத்தில் பெரும்பாலும் போர்க்கருவியாகவே நிற்கிறான். குறியிட வேண்டிய இடம் இதுவே. இவ்வளவில் அக்குற்றச்சாட்டு முறையானது என்பதே என் கருத்து.

வாரம் முழுதும் தையல் எந்திரத்தின்முன் அமர்ந்து உழைத்தவர், சனிக்கிழமை பெற்ற கூலியில் ஒரு பகுதியைக் கொடுத்துக் குடும்பத்துடன் படம் பார்க்கிறார். தாம் தைக்கும் ஒவ்வோர் ஆடையும் சோதிக்கப்படுவதை அறிந்த அவருக்கு, தாம் விலைகொடுத்துக் காணும் கலையையும் சோதிக்கும் உரிமை உண்டு. மாணவர்களே, ஒரு படத்தில் உயிரில்லை என்று நீங்கள் கூறுமுன், எந்தக் காட்சியில், எந்தப் பாத்திரத்தில், ஏன் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தேடுங்கள். விடை கிடைப்பின் தயங்காது கூறுங்கள், அதுவே திறனாய்வு.