எண்ணெய் போயிற்று, காரியம் முடியவில்லை: ஒவாஹு வாசிகளுக்கு ஒரு விண்ணப்பம்



ரெட் ஹில் குன்றுக்குள், அமெரிக்கக் கடற்படையின் தொட்டிகளில், 80 ஆண்டுகளாகக் கிடந்த எரிபொருள் கப்பலேறிப் போய்விட்டது என்ற செய்தி, ஹோனலூலுவின் குழாய்நீரை நம்பி வாழும் நம் எல்லோருக்கும் ஆறுதல் அளித்தது உண்மையே. 2023 அக்டோபரில் தொடங்கி 10 கோடி காலனுக்கு மேற்பட்ட எண்ணெயை விபத்தின்றி இறக்கிய காரியத்தைக் குறைத்துப் பேச எங்களுக்கு விருப்பமில்லை. ஆயினும், தொட்டி காலியானதையே தலம் மூடப்பட்டதாகக் கொண்டு ஜனங்கள் சிரத்தை தளர்ந்துவிடுவார்களோ என்ற கவலையே இந்த விண்ணப்பத்தை எழுதத் தூண்டியது.

பேர்ல் துறைமுகத்தில் வெட்டவெளியில் நின்ற எண்ணெய்த் தொட்டிகள் ஆகாய விமானங்களின் குண்டுகளுக்கு எளிதில் இரையாகும் என்று அஞ்சிய கடற்படையினர், 1940-ஆம் ஆண்டு இறுதியில் எரிமலைப் பாறையாலான அக்குன்றைக் குடையத் தொடங்கி, 1943-க்குள், ஒவ்வொன்றும் 250 அடி உயரமும் 100 அடி விட்டமும் உடைய 20 தொட்டிகளை அதன் வயிற்றுக்குள் கட்டி முடித்தார்கள். அந்த எஞ்சினியர்களின் சாமர்த்தியத்தை எவரும் மறுக்க முடியாது. 1995-இல் அமெரிக்க சிவில் எஞ்சினியர்கள் சங்கமே அதைச் சரித்திரச் சின்னமாகக் கௌரவித்தது. ஆனால் அந்தச் சாமர்த்தியம் மேலிருந்து விழக்கூடிய குண்டை நினைத்த அளவுக்குக் கீழிருந்த ஜலத்தை நினைக்கவில்லை. கால் அங்குல எஃகுத் தகடு, அதைச் சூழ்ந்த கான்கிரீட், அதற்கும் கீழே சுமார் 100 அடிப் பாறை: இவ்வளவுதான் எண்ணெய்க்கும் நம் குடிநீருக்கும் இடையே நின்றது.

2014 ஜனவரியில், பழுதுபார்த்துத் திரும்ப நிரப்பிய 5-ஆம் தொட்டியிலிருந்து சுமார் 27,000 காலன் எரிபொருள் கசிந்து பாறைக்குள் போயிற்று. அதன்பின் ஒப்பந்தங்களும் அறிக்கைகளும் வந்தன. எண்ணெய் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. 2021 மே மாதத்தில் குழாய் வெடித்துச் சிதறிய எரிபொருளில் பெரும்பகுதி, தீயணைப்பு நீரை வடிப்பதற்கென்று போட்டிருந்த பிளாஸ்டிக் குழாய்க்குள் புகுந்து, ஆறு மாத காலம் ஒருவர் கண்ணிலும் படாமல் அங்கேயே தங்கியது. பாரம் தாங்காமல் தொய்ந்து கிடந்த அந்தக் குழாயின் வால்வில், நவம்பர் 20-ஆம் தேதி, சுரங்கத்துக்குள் ஓடிய வண்டியொன்று மோத, எரிபொருள் கொட்டிக் குடிநீரில் கலந்தது. அடுத்த சில நாட்களில், கடற்படையின் நீரைப் பெற்ற வீடுகளில் குளிக்கத் திறந்த குழாயிலிருந்து மண்ணெண்ணெய் வாடை எழுந்தது. குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் தடிப்புக் கண்டது, பெரியவர்களுக்கு வாந்தியும் தலைவலியும் வந்தன. அந்த நீரை உபயோகித்தோர் சுமார் 93,000 பேர். நஞ்சு தன் பக்கம் இழுக்கப்படுமோ என்று அஞ்சி நகர நீர் வாரியம் ஹாலாவா நீர்ச்சுரங்கத்தை நிறுத்தியதையும், நகரின் நீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தந்துவந்த ஊற்று அதனால் முடங்கியதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தொட்டிகளை நிரந்தரமாக மூடுவதென்று பாதுகாப்பு இலாகா அறிவித்தது, இவ்வளவுக்கும் பிறகு, 2022 மார்ச் 7-ஆம் தேதிதான்.

இப்போது கடற்படையின் திட்டம், தொட்டிகளைக் கழுவிச் சுத்தம் செய்து குன்றுக்குள்ளேயே விட்டுவிட்டு, குழாய்களை மட்டும் அகற்றுவது. கழுவுவது கண்ணுக்குத் தெரிகிற வேலை. அதற்கு நாளும் கணக்கும் உண்டு. பாறைக்குள் இறங்கிப்போன எண்ணெய் எங்கே நிற்கிறது, எந்தத் திசையில் நகர்கிறது என்று கண்டறிவதுதான் கஷ்டமான வேலை. எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்த இந்தப் பாறையில், ஓரிடம் இரும்புபோல் இறுகியும் அடுத்த இடம் சல்லடையாகத் துளைபட்டும் இருப்பதால், ஒரு கிணற்றில் எடுத்த மாதிரி சுத்தமாயிருப்பது பக்கத்துக் கிணற்றுக்குச் சாட்சியாகாது. மலைமேல் பெய்யும் மழை இந்த நிலத்தடி நீரை அடைய ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஆகும் என்று நீர் வாரியத்தார் சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால், இரண்டு மூன்று வருஷப் பரிசோதனையை வைத்துக்கொண்டு அபாயம் நீங்கிற்று என்று யாரேனும் முத்திரை குத்த வந்தால் அதை எப்படி ஒப்புக்கொள்வது? 2022 நவம்பரில் அதே ரெட் ஹில் தலத்தில் சுமார் 1,300 காலன் தீயணைப்பு நுரைத் திரவம் கொட்டியதே, அதையும் இந்த ஆராய்ச்சியில் சேர்த்தாக வேண்டும்.

ஆகவே உங்களை வேண்டிக்கொள்கிறோம். சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனமும் மாநிலச் சுகாதார இலாகாவும் நடத்தும் பொதுக்கூட்டங்களுக்கு வாருங்கள். வர இயலாதவர்கள் கடிதமாவது எழுதுங்கள். கண்காணிப்புக் கிணறுகள் இன்னும் அதிகமாக வேண்டுமென்றும், அவற்றின் முடிவுகள் எண்கள் மாறாமல் அப்படியே ஜனங்களுக்கு வெளியிடப்பட வேண்டுமென்றும், பாறையும் நீரும் முழுமையாக ஆராயப்படுமுன் மூடல் பூர்த்தியானதாக அறிவிக்கலாகாதென்றும் கேளுங்கள். 2021-இல் நோயுற்ற குடும்பத்தார் வைத்தியர் கொடுத்த சீட்டுகளையும், அந்நாட்களில் எடுத்த புகைப்படங்களையும் பத்திரப்படுத்தி வையுங்கள். நீரைப் பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் அவை தேவைப்படும். கிணறுகள் முடங்கிய காலத்தில் நீர் வாரியம் 10 சதவீதம் சிக்கனம் கேட்டதை நினைவில் வைத்து, வெயில் மாதங்களில் தோட்டத்துக்குப் பாய்ச்சும் நீரைக் குறைத்துக்கொள்ளவும் கோருகிறோம்.

இங்ஙனம்,
அதே நீரைப் பருகும் தங்கள் சக குடிமக்கள்