சுடாத துப்பாக்கி

பதுளையில் நமக்கு ஒரு நண்பர் உண்டு. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்து வளர்ந்து, இன்று நகரில் உத்தியோகம் பார்ப்பவர். சிறுவயதில் அவருடைய தந்தையார் தீபாவளி முற்பணத்தில் மிச்சம் பிடித்து ஒரு வீடியோ விளையாட்டுப் பெட்டி வாங்கிக் கொடுத்தாராம். இரண்டு பிடிகளும் ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கியும் அதனுடன் வந்தன. அந்த முற்பணம் மாதாமாதம் சம்பளத்திற் கழிந்ததை நண்பர் இன்னும் மறக்கவில்லை.

அண்மையில் அதனைத் தம் மகனிடம் எடுத்துக் கொடுத்தார். பெட்டி இயங்கிற்று, துப்பாக்கியோ ஒரு வாத்தையேனும் வீழ்த்தவில்லை. பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிடலாம் என்று வீட்டிலே தீர்ப்பாயிற்று. நாம் சற்றுப் பொறுக்கச் சொன்னோம்.

1983 ஜூலையில் நிண்டெண்டோ நிறுவனம் ஜப்பானில் வெளியிட்ட 'பமிலி கொம்பியூட்டர்' என்பதன் நகல்களே இத்தகைய பெட்டிகள். மூலப்பெட்டியின் உற்பத்தி 2003இல் நின்றது.

துப்பாக்கியிலிருந்து எதுவும் புறப்படுவதில்லை. குழலினுள் ஒளியை உணரும் சிறு உறுப்பு ஒன்றுளது; பார்ப்பதே அதன் தொழில். விசையை அழுத்தியதும் திரை கணப்பொழுது கறுக்கும். அடுத்து வாத்து நின்ற இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் தோன்றும். இருளுக்குப் பின் ஒளியைக் கண்டால் வாத்து வீழும். மின்விளக்கை நோக்கிச் சுட்டு ஏய்க்க முயல்வோரைப் பிடிப்பதற்கே அந்த இருள்! பழைய படக்குழாய்த் தொலைக்காட்சி, விநாடிக்கு 50 தடவை, வந்த படத்தை வந்தவுடன் வரையும். இக்காலத் தட்டைத் திரையோ படத்தைச் சிறிது தாமதித்தே காட்டும். ஒளிரும் முறையும் வேறு. சதுரம் தோன்றுமுன் துப்பாக்கி பார்த்து முடித்துவிடுகிறது. ஆகவே குற்றம் துப்பாக்கியினதன்று, மகனின் குறியினதுமன்று.

இன்னொன்று. மலைநாட்டு ஈரலிப்பில் விளையாட்டுக் கசற்றின் உலோகப் பற்கள் மங்கிவிடும். வாயால் ஊதினால் எச்சில் ஈரமுஞ் சேரும் (நாமும் ஊதியவர்களே!). ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சினால் துடைத்து, நன்கு உலரவிடுக. ஆனால் படக்குழாய்த் தொலைக்காட்சியின் முதுகை மாணவர்கள் திறக்கவே கூடாது. மின்னிணைப்பைக் கழற்றிய பின்னும் கடும் மின்னழுத்தம் உள்ளே தங்கியிருக்கும்.

மறு ஞாயிறன்று நண்பர் மகனுடன் தோட்டத்திற்குச் சென்றார். சித்தப்பா வீட்டில் பழைய படக்குழாய்த் தொலைக்காட்சி இருந்தது. முதல் வேட்டுத் தவறிற்று. இரண்டாவதில் வாத்து வீழ்ந்தது. அதன் பிறகு துப்பாக்கி பையன் கைக்குத் திரும்ப வெகுநேரமாயிற்றாம், சித்தப்பா விடவில்லை.