அடிதடி நிஜம்... கேப்ஷன் பொய்! ஷேர் பண்றதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய 3 கேள்விகள்

2023 மார்ச் ஞாபகம் இருக்கா? 'தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள்' என்று வீடியோக்கள் பறந்தன. திருமுடிவாக்கம் சிட்கோ மாதிரி வட மாநிலத்தவர் வேலை பார்க்கும் தொழிற்பேட்டைகளுக்கு இது சாதாரண வதந்தி இல்லை. பக்கத்து மெஷினில் நிற்பவரையே சந்தேகப்பட வைக்கும் விஷயம்.

அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு தந்த விளக்கம்: இரண்டு வீடியோக்களுமே பழசு. ஒன்று, திருப்பூரில் பீகார் தொழிலாளர்கள் இரு தரப்பாக மோதிக்கொண்டது. இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை. அதாவது அடிதடி நிஜம், கேப்ஷன்தான் பொய். அதனால 'நானே வீடியோ பார்த்தேன்' என்பது ஆதாரம் ஆகாது.

ஃபாலோயர் எண்ணிக்கையும் ஆதாரம் இல்லை. இந்த விவகாரத்தில் கைதானவர்களில் பிரபல யூடியூபரும் உண்டு.

இனி வீடியோ வந்தா மூணு கேள்வி கேளுங்க: எங்கே? எப்போ? யார் எடுத்தது? ஸ்க்ரீன்ஷாட்டை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்க. பழைய வீடியோன்னா பல நேரம் பழைய தேதியே சிக்கிடும். பதில் கிடைக்கலையா? ஃபார்வர்டு வேண்டாம்.

நீங்களே ரீல்ஸ் போடுறவரா? இடம், தேதியைச் சேர்த்து எழுதுங்க. தப்பாப் போச்சுன்னா சத்தமில்லாம டெலிட் பண்ணாதீங்க. திருத்தத்தையும் அதே பக்கத்தில் போடுங்க. அடுத்த முறை உங்களை நம்ப அதுதான் காரணமா இருக்கும்.